மாவடு ஜாடியும் நானூற்றாறாம் செக்‌ஷனும்

என் கணவர் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கோர்ட்டுப் படி ஏறினார். அதுவும் மாவடுக்காக. நிலம், பாகப்பிரிவினை என்று ஏறியிருந்தால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளலாம். மாவடு கேஸ்காராள் என்று தெருவில் எங்களுக்கு ஒரு பேர் விழுந்தது. அது போவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது.

நாற்பத்திரண்டாம் வருஷம், பங்குனி முடிகிற சமயம். ஜப்பான்காரன் வந்து குண்டு போடப் போகிறான் என்று சென்னைப்பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. என் கணவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் பயந்த சுபாவம் என்று நான் சொல்லக் கூடாது. முன்ஜாக்கிரதை என்பது அவர் வைத்த பேர். மாடியில் காயப்போட்ட புடவை படபடத்தால் விமானமா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிற அளவுக்கு முன்ஜாக்கிரதை. கும்பகோணத்தில் என் நாத்தனார் வீடு இருந்தது. "நாளைக்கே கெளம்பறோம்" என்றார். "நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். இந்த வார்த்தைக்கு ஒரு நாள் என்னிடம் விளக்கம் கேட்பார் என்று அப்போது தெரியாது.

பாத்திரம், பண்டம், கைக்குழந்தை எல்லாம் மூட்டைக்குள் அடங்கிவிட்டன. அடங்காதது மாவடு ஜாடி ஒன்றுதான். வடு போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உப்பில் சுருங்கித் தண்ணீர் விடுகிற வரைக்கும் ஜாடியைத் தினம் குலுக்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலாக இருக்கிற வடு பூஞ்சை பிடித்துவிடும். பூட்டின வீட்டில் யார் குலுக்குவார்கள்? கையோடு எடுத்துப் போகலாம் என்று என் கணவர் ஜாடியை ஜட்காவில் ஏற்றப் பார்த்தார். வண்டிக்காரன் இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னா சாமி, குண்டு வுழுவுதுன்னு சொல்லிக்கினு ஓடறே. இத்த ஏத்துனா இங்கியே என் குதுர வுழுந்துரும். எறக்கு, எறக்கு" என்றான்.

அடுத்த வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடியிருந்தார். கத்தோலிக்கக் குடும்பம், சாந்தோமில் எத்தனையோ தலைமுறையாக இருந்தவர்கள். ஊரே ஓடிய நேரத்தில் அவருக்கு, விமானம் வந்தால் ஊரை எச்சரிக்கிற வார்டன் வேலை கொடுத்து, தலையில் ஒரு இரும்புத் தொப்பியும் கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிவிட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் எங்கேயும் போகவில்லை. அவர் சம்சாரமும் நானும் பின்கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர்கள். சுவர் இடுப்பு உயரம்தான். ஆனால் அதற்கு என் கணவர் போட்ட சட்டம் உண்டு. அங்கிருந்து முருங்கைக்கீரை வரலாம், வாழைக்காய் வரலாம், அடுப்பில் ஏறினது எதுவும் வரக் கூடாது. அந்த வீட்டு வாசலில் இவர் எப்போது நின்றாலும் அந்தம்மா, "காபி குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்பாள். "இப்பத்தான் ஆச்சு" என்று இவர் சொல்வார். கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். வருஷக்கணக்காக நடந்தது.

ஜாடியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். என் கணவர் பழைய வேஷ்டித் துணியால் வாயை மூடி, கயிற்றால் முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டார். "வெளியிலேர்ந்து குலுக்கினாப் போறும். வாயை அவிழ்க்க வேண்டாம்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஜட்காவில் போய் உட்கார்ந்தார். நான் பின்தங்கி அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்கறி கெடைக்கலேன்னா தயங்காதீங்கோ. நம்மாத்துது மாதிரி எடுத்துப் போட்டுக்கோங்கோ" என்றேன். ஒரு பொருளை ஒருத்தர் வீட்டில் வைத்துவிட்டுப் போகும்போது யாரும் சொல்கிற வார்த்தைதான். "ஐயோ, அதெல்லாம் வேணாம் மாமி" என்று அவளும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

அப்புறம் குண்டு விழவில்லை. ஆடி பிறந்ததும் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தெருவுக்குத் திரும்பினோம். ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். யார் யாரைப் பார்த்தாலும், "அங்கே மழை உண்டா?" என்று விசாரித்தார்களே தவிர, ஏன் போனீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது ஒரு மரியாதை.

அந்த மரியாதையை வாத்தியார் மறந்துவிட்டார். நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்த ஜாடி. உள்ளே ஒன்றும் இல்லை. பால்காரர், எதிர்வீட்டு மாமா, கீரைக்காரி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஐயா, ஜப்பான்காரன் வரவே இல்ல. வந்திருந்தாலும் அவனுக்கு மாவடு கெடைச்சிருக்காது" என்றார் வாத்தியார், சிரித்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். ஊரை விட்டு ஓடினவன் என்று தன்னை நடுத்தெருவில் சொன்னதாக அவருக்குப் பட்டுவிட்டது. மாவடு அன்றைக்குத்தான் சாக்கு ஆயிற்று.

என்ன நடந்தது என்பதை அந்தம்மா சுவரோரம் என்னிடம் சொன்னாள். கடையெல்லாம் சாத்திவிட்டார்கள். கூடையில் வந்த கறிகாயும் வரவில்லை. அவள் குழந்தைகள் மூன்றும், ராத்திரி ரோந்துக்கு வந்த வார்டன்கள் நாலைந்து பேரும், கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது எங்கள் மாவடுதான். "நீங்கதான சொன்னீங்க மாமி" என்றாள். சொன்னேன்தான்.

இவர் ஆறவில்லை. தியாகராய நகரில் இவருக்குச் சித்தப்பா பிள்ளை ஒருத்தன் வக்கீலுக்குப் படித்துப் போர்டு மாட்டியிருந்தான். போர்டைத் தவிர அவனிடம் வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை. சொல்லி அனுப்பியதும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தான்.

"அண்ணா, சிவில்ல போனா ஊறுகா வெலைதான் கெடைக்கும். கிரிமினல்ல போனா மானம் கெடைக்கும். நம்பி ஒப்படைச்ச சொத்தைத் தின்னுட்டான். நானூத்தியாறு!" என்றான்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நானூற்றாறு ஒரு மந்திரமாயிற்று. இவர் குளிக்கும்போதுகூட அதை முணுமுணுத்தார். மனுவும் தயாராயிற்று.

விஷயம் தெரிந்த அன்று அந்தம்மா சுவருக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாத்தியாரை ஹெட்மாஸ்டர் ஆக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிஷன் பள்ளிக்கூடம். ஒழுக்கம், நடத்தை என்று ஆயிரம் பார்ப்பார்கள். அவருக்கு அடுத்தபடி இன்னொருத்தர் கண் கொட்டாமல் காத்திருந்தார். "சம்மன் பள்ளிக்கூடத்துக்கு வந்தா போதும் மாமி. அதுக்கப்புறம் கேஸ்ல ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?" என்றாள். என் வீட்டு மாவடு, என் வாயால் சொன்ன வார்த்தை, அவள் வீட்டுச் சோற்றில் மண்.

கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ யார் பக்கம்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அதனால் வக்கீலைப் பிடித்தேன். அவனுக்கு அடை என்றால் உயிர். நல்ல முறுகலாக வார்த்துப் போட்டுக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"மனு குடுத்ததும் சம்மன் போயிடுமா?"

"அதெப்படி மன்னி? மொதல்ல மாஜிஸ்டிரேட் அண்ணாவைச் சத்தியம் பண்ணச் சொல்லி விசாரிப்பார். இஷ்டப்பட்டா சாட்சியையும் கூப்பிட்டுக் கேப்பார். கேட்டதுல குத்தத்துக்கு முகாந்திரம் இருந்தாத்தான் சம்மன். இல்லேன்னா அங்கேயே தள்ளுபடி. விசாரணைங்கற பேச்சே கெடையாது."

"வாத்தியார் வந்து பதில் சொல்ல வேண்டாமா?"

"பேசவே கூடாது. சம்மன் போற வரைக்கும் அவனுக்கு அந்த கோர்ட்ல வேலையே இல்லை. இன்னொரு அடை போடுங்கோ."

"உங்க அண்ணாவே அன்னிக்குப் போகலேன்னா?"

"புகார் சொல்றவனே வரலேன்னா யாருக்கு மன்னி கேஸ்?" என்று சொல்லிவிட்டு வெண்ணெய் கேட்டான்.

அதைப் பிடித்துக்கொண்டேன். கேஸ் எடுக்கிற நாள் திங்கட்கிழமை. காலையில் ஆபீஸ் கிளம்புகிற நேரம்தான் ராகு காலம். "ராகு காலத்துல கெளம்பினா ஜெயிக்குமா? கழிஞ்சப்பறம் போங்கோ" என்றேன். கழிந்த பிறகு கிளம்பினால் டிராம் பிடித்து எழும்பூர் போவதற்குள் பேரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள் என்பது என் கணக்கு. இவர் ராகு காலம் பிறப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். என்னையும் கிளப்பினார். நான்தான் சாட்சியாம். ஜாடி கைமாறும்போது கூட இருந்தவள் நான் ஒருத்திதானே. கோர்ட்டைப் பெருக்குகிறவன் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

"நடந்ததைச் சொன்னாப் போறும்" என்று சொல்லிக்கொடுத்தார். சரி என்றேன்.

கோர்ட்டு முழுக்க முடிச்சவிழ்க்கிகள், சூதாட்டக்காரர்கள், ஜட்காவில் ஆள் அதிகம் ஏற்றினவர்கள். கடைசிப் பெஞ்சியில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பகீரென்றது. நேர்மையான மனுஷர். வாயைத் திறந்தால், ஆமாம் சாப்பிட்டேன், மன்னியுங்கள் என்பார். எல்லாம் கெட்டுவிடும்.

எங்கள் கேஸைக் கூப்பிட்டதும் அவர்தான் முதலில் எழுந்தார்.

"நீங்கள் யார்?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"நான்தாங்க எதிரி."

"இன்னும் ஆகவில்லை. உட்காருங்கள்."

வாத்தியார் உட்கார்ந்தார். என் கணவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். ஜாடி எவ்வளவு பெரிசு, யார் வடு வாங்கினது, எப்படிக் கட்டினது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிச்சை மட்டும் கையால் போட்டுக் காட்டினார்.

"எதற்காக அவர்கள் வீட்டில் வைத்தீர்கள்?" என்று மாஜிஸ்டிரேட் கேட்டார்.

"ஊருக்குப் போனோம்."

"என்ன விசேஷம்?"

இவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். இவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்தது. கடைசியில், "குண்டு விழும்னு எல்லாரும் சொன்னா" என்றார், காதில் விழாத குரலில். மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. "நானும் குடும்பத்தைத் திருச்சிக்கு அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என் கணவரின் நெற்றியில் இருந்த சின்னத்தைப் பார்த்தார்.

"நான் ஒன்று கேட்கிறேன். மாசக்கணக்கில் அவர்கள் சமையலறையில் இருந்த ஊறுகாயை, முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் நீங்கள் சாப்பிடுவீர்களா?"

"தாராளமா. ஜாடிதான் அவாத்துல இருந்தது. மாவடு ஜாடிக்குள்ள இருந்தது" என்றார் என் கணவர்.

முடிச்சவிழ்க்கிகள்கூடச் சிரித்தார்கள். டவாலிச் சேவகன் சத்தம் போட்டு அடக்க வேண்டியிருந்தது. வக்கீல் எழுந்து, தின்பதும் தெருவில் கொட்டுவதும் சொந்தக்காரர் இஷ்டம், ஒப்படைத்த பொருள் ஒப்படைத்த பொருள்தான் என்றான். அது நியாயம்தான் என்று மாஜிஸ்டிரேட்டும் தலையாட்டினார். சம்மன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்தது நான். சத்தியம் செய்தேன். வைத்ததைச் சொன்னேன், கட்டினதைச் சொன்னேன். என் கணவர் முகம் மலர்ந்தது.

"அப்புறம்?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"இவர் வண்டியில போய் உக்காந்துண்டார். நான் அந்தம்மாகிட்ட, காய்கறி கெடைக்கலேன்னா எடுத்துப் போட்டுக்கோங்கோன்னு சொன்னேன்."

"அது உபசாரத்துக்குச் சொன்னது!" என்று என் கணவர் கீழேயிருந்து கத்தினார்.

மாஜிஸ்டிரேட் பேனாவைக் கீழே வைத்தார். "உபசாரத்துக்குச் சொன்னீர்களா அம்மா, நிஜமாகவே சொன்னீர்களா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்தேன். சத்தியம் வேறு பண்ணியிருக்கிறேன்.

"சொல்றச்சே உபசாரத்துக்குத்தான் சொன்னேன்" என்றேன். என் கணவர் நிமிர்ந்தார். வாத்தியார் தலை குனிந்தது. "அப்புறம் வண்டி கெளம்பித்து. திரும்பிப் பார்த்தேன். அவ மூணு குழந்தைகளையும் சேர்த்துப் பிடிச்சுண்டு வாசல்ல நின்னுண்டிருந்தா. தெருவுல வேற ஒரு ஈ காக்கா இல்லை. நாம போறோமே, இவாளை விட்டுட்டுப் போறோமேன்னு இருந்தது. மாவடு என்ன, எல்லாத்தையுமே எடுத்துக்கட்டும்னு நெனச்சேன். அது நிஜம்."

"அதை அந்த அம்மாளிடம் சொன்னீர்களா?"

"வண்டி போயிண்டிருந்துதே."

வக்கீல் துள்ளி எழுந்தான். அனுமதி கொடுத்தது வாசலில், அது வெறும் உபசாரம். மனசு மாறினது ஜட்காவில், அது எதிராளி காதில் விழவில்லை. ஆகவே சட்டப்படி அனுமதியே இல்லை என்றான். அவன் வாதாடினதிலேயே அதுதான் சிறந்த வாதம் என்று பிற்காலத்தில் அவனே சொல்லிக்கொள்வான்.

"வக்கீல் சார், சொன்னவர் மனசு வாசலில் இருந்ததா, ஜட்காவில் இருந்ததா என்பது என் வேலை இல்லை. கேட்டவர் அதை நம்பினாரா என்பதுதான் கேள்வி. எடுத்துக்கொள் என்ற வார்த்தையை நம்பி எடுத்தவரை மோசக்காரர் என்றால், இந்தப் பட்டணத்தில் நாளை முதல் யாரும் யார் வீட்டிலும் ஒரு வாய் காபி குடிக்க முடியாது" என்றார் மாஜிஸ்டிரேட்.

பிறகு இங்கிலீஷில் இரண்டு வரி சொல்லி எழுத வைத்தார். போதிய முகாந்திரம் இல்லை, புகார் தள்ளுபடி. சம்மனும் இல்லை, விசாரணையும் இல்லை. வாத்தியார் மறுபடி எழுந்து, "நான் ஒரு வார்த்தை..." என்றார்.

"உங்கள்மேல் கேஸே கிடையாது. எதற்கு வார்த்தை? வீட்டுக்குப் போங்கள்."

டிராமில் நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். வக்கீல் எங்கேயோ நழுவிவிட்டான். ராயப்பேட்டை தாண்டியது. இவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஊருக்குப் போலாம்னு நான் சொன்னப்போ, நீங்க சொல்றதுதான் சரின்னியே. அது உபசாரமா?"

இவருக்கு வலிக்கிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"உபசாரம்தான். ஆனா எனக்கும் பயமாத்தான் இருந்தது. கைக்குழந்தையை வெச்சுண்டு பயப்படாம இருக்க முடியுமா?"

"அவன் பயப்படலையே. மூணு குழந்தைகளை வெச்சுண்டு இருந்தானே."

"யார் சொன்னா? விசில் ஊதறச்சே கை நடுங்குமாம். அவ சொன்னா. அவாளுக்கு ஓடறதுக்கு வேற ஊர் இல்லைன்னும் சொன்னா. சாந்தோம்தான் ஊர்."

இவர் லஸ்ஸில் இறங்கி வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். அன்று ராத்திரி நானூற்றாறு முணுமுணுப்பு இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வாத்தியார் ஹெட்மாஸ்டர் ஆனார். அன்று சாயங்காலம் இவர் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு மரியாதைக்கு விசாரிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சண்டை போடப் போகிறாரோ என்று பின்கட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. திடீரென்று அந்தம்மா சுவரோரம் ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மாமி, ஐயா காபி குடிக்கிறேன்னுட்டாங்க!"

"யாரு?"

"உங்க ஐயாதான். எப்பவும் போல கேட்டேன். குடுங்கோன்னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்துட்டாங்க. வீட்டுல காபித்தூள் ஒரு சிட்டிகை இல்ல மாமி. நாங்க இப்ப மல்லிக் காபிதான் குடிக்கிறோம்."

யுத்தத்தில் காபித்தூளுக்கு அப்படி ஒரு பஞ்சம். இவருக்கென்று பில்டரில் இறக்கி வைத்திருந்த டிகாஷனை அப்படியே பாலில் கலந்து, சர்க்கரை போட்டு, சுவர்மேல் வைத்தேன். அவள் அதைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஓடினாள்.

அரை மணி கழித்து இவர் வந்தார். அங்கவஸ்திரத்தை மடித்து வைத்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து நன்றாக ஒரு தடவை ஆடினார்.

"அவாத்துல காபி சாப்ட்டேன்" என்றார், பெரிய சாகசம் செய்தவர் மாதிரி.

"அப்படியா? எப்படி இருந்தது?"

"பேஷா இருந்தது. நீயும் இத்தனை வருஷமா போடறயே. அந்தம்மாகிட்டப் போய்க் கத்துண்டு வா."

கோர்ட்டுக் கூண்டில் நிற்காததால், "சரின்னா, கத்துண்டு வரேன்" என்றேன்.